பங்குப் பதிவேட்டில் ஒரு வாழ்க்கை

உலகம் போற்றும் ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர் பிறந்த நாள் எந்த ஏட்டிலும் இல்லை. ஸ்ட்ராட்போர்டு பரிசுத்த திரித்துவ ஆலயப் பதிவேட்டில், அவர் ஞானஸ்நானம் பெற்ற 1564 ஏப்ரல் 26 என்ற தேதியே உள்ளது. அதைக் கொண்டே பிறப்பை நாம் கணிக்கிறோம்.

1582 நவம்பரில், தமது 18ஆம் வயதில், ஆன் ஹாத்தவேயை மணக்க வூஸ்டர் ஆயரின் அனுமதி பெற்றார். அதற்காக இரு குடியானவர்கள் 40 பவுனுக்கு ஜாமீன் நின்றனர். மூத்த மகள் சூசன்னாவுக்கு 1583 மே 26இலும், இரட்டையர் ஹாம்னெட், ஜூடித் இருவருக்கும் 1585 பிப்ரவரி 2இலும் ஞானஸ்நானம் நடந்தது.

1596 ஆகஸ்ட் 11இல் ஹாம்னெட்டின் அடக்கம். வயது 11. மகனை இழந்த தந்தை எழுதிய கடிதம் ஒன்றேனும் இன்றில்லை. பதிவேட்டின் ஒரு வரிதான் அத்துயருக்குச் சாட்சி. 1616 ஏப்ரல் 25இல் தந்தையின் அடக்கமும் அதே ஏட்டில் ஏறியது. 1670இல் பேத்தி எலிசபெத் இறக்க, நேர்ச் சந்ததியும் அற்றுப்போயிற்று. ஏடு மட்டும் நிலைத்தது.

புகழ் வருமுன்னே, பிற குழந்தைகளின் பெயரோடு அவர் பெயரையும் எழுதி வைத்தார்கள். நம் பங்கின் ஏடுகளிலும் நம் முன்னோர் அவ்வாறே வாழ்கின்றனர். அவற்றைச் செல்லரிக்காமல் காப்போமாக!