வடிக்கப்பட்ட குளம்

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில், 1930-களில் ஒரு கறுப்பின மாணவர் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டார்கள். ஊர்ப் பொதுக்கிணற்றின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் பிறகும் அதே குளத்தில் இறங்கினார்.

அவர்தான் ஜான் மெக்லெண்டன். 1915-ல் பிறந்தவர். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே நேரில் படித்தும், பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. அது வெள்ளையர் அணி.

ஆட விடாததால் ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போனார். வட கரோலினாவின் டர்ஹம் நகரில், கறுப்பின மாணவர்களின் கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். எதிரணியை மூச்சுவிட விடாத வேக ஆட்டம் அவருடையது.

1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளை மாணவர் அணி, யார் கண்ணிலும் படாமல் மெக்லெண்டனின் அரங்குக்கு வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். 88-44 என்று கறுப்பின மாணவர்கள் வென்றார்கள். அதன்பின் இரு அணியினரும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். வெற்றியைவிட இதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது. வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்ற அச்சத்தில், ஐம்பது ஆண்டுகள் இது ரகசியமாகவே இருந்தது.

பிறகு டென்னசியில் 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம். 1979-ல் புகழரங்கில் சேர்த்தபோதும் 'பங்களிப்பாளர்' என்றுதான் சேர்த்தார்கள். 'பயிற்சியாளர்' என்று ஏற்றது 2016-ல். அவர் 1999-லேயே இறந்துவிட்டார்.