சூசன்னா அம்மையாரின் வியாழக்கிழமை



சமீப காலமாக ஜெபத்திற்கு வருகிற தாய்மார் அநேகர் ஒரே பாரத்தைத்தான் சொல்லுகிறார்கள். வியாதி இல்லை, பிசாசின் போராட்டம் இல்லை. பிள்ளைகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறதாம். காலையில் டிபன், ஸ்கூல் வேன், பிறகு வேலை, சாயங்காலம் டியூஷன், ஹோம்வொர்க். ராத்திரி படுக்கும்போது யோசித்துப் பார்த்தால் அன்றைக்குப் பிள்ளையிடம் பேசினது முழுக்க அதட்டல்தான். பிறகு தலையணையில் அழுகை. தகப்பன்மார் இதை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. ஆனால் அவர்கள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கத்தான் செய்கிறது!

அன்னாளைப் பற்றியும் யோகெபேத்தைப் பற்றியும் நம் சபையில் எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். இந்த மாதம் வேதத்தில் இல்லாத ஒரு தாயாரைப் பற்றி எழுதும்படி தேவன் என்னை ஏவினார். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்ற பக்தர்களைப் பெற்றெடுத்த சூசன்னா வெஸ்லி அம்மையார். பைபிள் காலேஜில் சபைச் சரித்திரம் படிக்கிற காலத்தில் இவருக்கு ஒரு பாராதான் கிடைத்தது. ஒரு பாராவில் அடங்குகிற அம்மா அல்ல இவர்.

1669-ம் வருஷம் லண்டனில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் அனெஸ்லி, மனசாட்சிக்காக இங்கிலாந்து திருச்சபையை விட்டு வெளியேற்றப்பட்ட போதகர். அவருக்கு சூசன்னா இருபத்தைந்தாவது பிள்ளை! 1688-ல், பத்தொன்பது வயதில், சாமுவேல் வெஸ்லி என்ற போதகரைக் கலியாணம் செய்தார். பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் ஒன்பது பேர் குழந்தையாயிருக்கும்போதே போய்விட்டார்கள். இதை நாம் சீக்கிரமாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஒரு தாய் ஒன்பது முறை மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து மிச்சமுள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறாள் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

புருஷன் நல்ல படிப்பாளி, கவிஞர், பக்தியுள்ளவர். ஆனால் பணம் கையில் நிற்காது, கோபமும் அதிகம். ஒருமுறை குடும்ப ஜெபத்தில் ராஜாவுக்காக அவர் ஜெபித்தபோது மனைவி ஆமென் சொல்லவில்லை. அந்த ராஜா சரியான வாரிசு அல்ல என்பது அம்மையாரின் எண்ணம். அதற்காக ஐயா வீட்டை விட்டே போய்விட்டார், மாதக்கணக்கில். போதகர் வீடு என்றால் எல்லாம் பரலோகம் போல் இருக்கும் என்று விசுவாசிகள் நினைத்துக்கொள்கிறார்கள்!

லிங்கன்ஷயர் நாட்டில் எப்வொர்த் என்கிற சதுப்பு நிலத்து ஊரில் அவர்களுக்கு ஊழியம். ஜனங்கள் முரடர்கள். 1705-ல் தேர்தல் சண்டை வந்தது. போதகர் ஆதரித்த பக்கம் ஊராருக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றி மேளம், கூச்சல், துப்பாக்கிச் சத்தம். அம்மையார் அப்போதுதான் பிரசவித்திருந்தார். பச்சைக் குழந்தையை எதிர்வீட்டு ஆயாவிடம் கொடுத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்ட ஆயா, விடியும் நேரத்தில் அசந்து தூங்கி, குழந்தையின்மேல் புரண்டுவிட்டாள். செத்த குழந்தையைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தார்கள். அது ஆறுவதற்குள்ளே சுமார் 30 பவுன் கடனுக்காகப் புருஷனை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். பால் மாடுகளைக் குத்திப் போட்டார்கள். அம்மையார் தன் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார், அவர் வாங்க மனதில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாட்டுக்கே கஷ்டமா என்று யார்க் பேராயர் விசாரித்தபோது, ரொட்டி ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, ஆனால் அதைச் சம்பாதிக்கவும் கடன் தீர்க்கவும் பட்ட கவலையில் அந்த ரொட்டியே கசந்துபோனது என்ற கருத்தில் பதில் சொன்னார். கடனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது விளங்கும்.

இப்படிப்பட்ட வீட்டிலும் ஒழுங்கு இருந்தது. வேலைக்காரர் உண்டு என்றாலும் படிப்பை அம்மையார் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மத்தியானம் இரண்டு முதல் ஐந்து, இருபது வருஷம் வீட்டிலேயே பள்ளிக்கூடம். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் எழுத்துக்கள் முழுவதும் கற்பித்துவிடுவார், மறுநாள் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்குவார். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மாத்திரம் ஒன்றரை நாள் ஆனதாம். ஒரு பிள்ளைக்கு ஒரே விஷயத்தை இருபது தரம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் புருஷன் எப்படித்தான் பொறுமை இருக்கிறதோ என்று ஆச்சரியப்பட, பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் பட்ட பிரயாசம் முழுவதும் வீண்தானே என்று பதில் சொன்னாராம். இதை ஜான் வெஸ்லி பிற்காலத்தில் தன் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். நாம் மூன்றாவது தரத்திலேயே கையை ஓங்கிவிடுகிறோம்.

அம்மையார் செய்ததெல்லாம் நமக்கு மாதிரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வயதுப் பிள்ளைகூட பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. அந்தக் காலத்து வழக்கம். அதை இன்றைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளையை அடிக்கிறதற்குச் சாட்சி தேடவேண்டாம். ஆனால் அதே வீட்டில் வேறே சட்டங்களும் இருந்தன. தப்பை ஒத்துக்கொண்டு திருந்துகிறேன் என்கிற பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே தப்புக்கு இரண்டாம் முறை தண்டனை கிடையாது, பிற்பாடு அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவதும் கிடையாது. இந்தக் கடைசிச் சட்டம் நம் வீடுகளில் எத்தனை நாள் நிற்கும்? இன்றைக்குச் சிந்தின பாலுக்குப் போன வருஷத்து மார்க் ஷீட் வரைக்கும் பட்டியல் எடுக்கிறோமே!

1709 பிப்ரவரி 9-ம் தேதி ராத்திரி வீடு தீப்பிடித்தது. அம்மையார் அப்போது நிறைமாத கர்ப்பிணி, உடம்பும் சுகமில்லை. ஜன்னல் வழியாக ஏற முடியாமல் நெருப்புக்குள்ளே நடந்தே வெளியே வந்தார், கையும் முகமும் கருகிற்று. எண்ணிப் பார்த்தால் ஐந்து வயது ஜாக்கி, அதாவது ஜான், மாடியில் மாட்டிக்கொண்டிருந்தான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தார்கள். இழுத்ததும் கூரை உள்ளே விழுந்தது. அக்கினியிலிருந்து தப்புவிக்கப்பட்ட கொள்ளி! அல்லேலூயா!

இந்தச் சம்பவத்தை எல்லாரும் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லுவதில்லை, என் மனதைத் தொட்டது அதுதான். வீடு இல்லாததால் பிள்ளைகளை வெவ்வேறு வீடுகளில் விட்டார்கள். இரண்டு பெண்கள் லண்டனில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். புது வீடு கட்டி எல்லாரும் திரும்பினபோது பழைய பிள்ளைகளாக இல்லை. கெட்ட பாட்டுகள், மரியாதையில்லாத பேச்சு, ஓய்வுநாளைப் பற்றிய அசட்டை. பல வருஷம் பாடுபட்டுக் கட்டினது ஒரே வருஷத்தில் சரிந்துவிட்டது. கையில் புதுக் குழந்தை வேறே.

அந்த இடத்தில் கத்துகிற தாய்தான் அதிகம். இவர் மறுபடியும் அஸ்திபாரத்திலிருந்து ஆரம்பித்தார். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடும் வழக்கம் அப்போதுதான் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேச்சு வந்த கடைசிப் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளவேண்டும், அடுத்த பிள்ளை அதற்கு மேலுள்ளதை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். பெரிய பிள்ளைகளையே சின்னதுகளுக்குத் துணையாக்கினார். எல்லா பாரத்தையும் தன் தலையில் வைத்துக்கொண்டு முறுமுறுக்கவில்லை. தனக்கென்று தனி ஜெபவேளையும் வைத்திருந்தார். அன்னையர் தினத்தில் எல்லாரும் சொல்லுகிற ஏப்ரன் கதையை நான் இங்கே எடுக்கவில்லை, அவர் எழுதிவைத்த தியானக் குறிப்புகளே போதும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார். பத்துப் பிள்ளைகள் உயிரோடிருக்கிற தாய்க்கு அந்த நேரம் தானாகக் கிடைத்திருக்காது, பிடுங்கித்தான் எடுத்திருப்பார்.

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருகிறேன், கவனியுங்கள்! 1706 ஜூலை மாதம் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் நம் ஜனங்களுக்குள்ளே செய்த ஊழியத்தைப் பற்றி ஊருக்கு எழுதின கடிதங்கள் லண்டனில் இங்கிலீஷில் புத்தகமாக அச்சாயிற்று. 1711-12 குளிர்காலத்தில் போதகர் சபை மகாநாட்டுக்காக லண்டன் போயிருந்த சமயம், மூத்த மகள் எமிலி அப்பாவின் அறையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்துத் தாயாருக்கு வாசித்துக் காட்டினாள். அம்மையாரின் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தது. பல நாள் அதே நினைவு. தான் ஆணும் அல்ல, போதகரும் அல்ல, கடல் கடந்து போகவும் முடியாது, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று யோசித்தார். எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? தன் சொந்தப் பிள்ளைகளிடத்தில்.

ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுவது என்று தீர்மானித்தார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி (இது பெண்ணின் பேர், நம்ம பாட்டி அல்ல), சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து. இதைப் புருஷனுக்கு எழுதின கடிதத்திலேயே விவரமாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு அம்மா முழுசாகக் கிடைக்கிற நேரம் அது. எவ்வளவு நேரம் என்று மணிக்கணக்கு இல்லை, அன்றைக்கு ஒதுக்க முடிகிற நேரம். நம் வீட்டில் இரண்டு பிள்ளை, மிஞ்சினால் மூன்று. நமக்கு வாரத்தில் நாட்கள் மிச்சமே விழும். கையிலிருக்கிற போனைக் கீழே வைக்கவேண்டும், அவ்வளவுதான். எங்கோ தரங்கம்பாடி மணலில் நம் முன்னோர்களுக்குச் சுவிசேஷம் சொன்ன கதை, இங்கிலாந்தில் ஒரு சதுப்பு ஊரில் ஒரு தாயைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தது. தேவனுடைய வழிகள் எவ்வளவு ஆச்சரியம்!

அதே குளிர்காலத்தில் ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளோடும் வேலைக்காரரோடும் நடத்தின குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி இருநூறு பேர் வரைக்கும் கூடினார்கள். உதவிப் போதகர் புகார் எழுதினார். புருஷன் நிறுத்தச் சொன்னபோது, நிறுத்துவதானால் நியாயத்தீர்ப்பில் பொறுப்பு உங்களுடையது என்கிற வகையில் பணிவாக ஆனால் உறுதியாகப் பதில் எழுதினார். கூட்டம் நிற்கவில்லை. இதை இன்னொரு இதழில் விரிவாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாரிலும் புத்திசாலி. 1725-ல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய், ஏமாந்து, கர்ப்பவதியாகத் திரும்பினாள். தகப்பன் மன்னிக்கவில்லை, பொருந்தாத ஒருவனுக்குக் கட்டிவைத்தார். தாயாரும் அந்நாட்களில் மகளிடம் கடினமாகத்தான் இருந்தார். வாரம் ஒரு மாலை கொடுத்த வீட்டிலும் இது நடந்தது. பிள்ளை வழிதவறின பெற்றோர் நம் சபையிலும் உண்டு. அவர்களைப் பார்த்து வளர்ப்பு சரியில்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் இரண்டு தரம் வாசிக்கட்டும்.

ஜான் பத்து வயதில் லண்டன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். ஆக, அவனுக்குக் கிடைத்த வியாழக்கிழமைகள் சுமார் இரண்டு வருஷத்து அளவுதான். 1732-ல் அவருக்கு 28 வயது. ஆக்ஸ்போர்டில் ஆசிரியர், குருப்பட்டம் பெற்றவர். அப்போது தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தின் கொஞ்ச நேரத்தை மறுபடியும் தனக்காக ஒதுக்கவேண்டும், அன்று தன் புத்தியை உருவாக்கினது போல இன்று தன் இருதயத்தைச் சீர்திருத்த அது உதவும் என்று கேட்டுக்கொண்டார். இருபது வருஷம் கழித்தும் கிழமை மறக்கவில்லை பாருங்கள்.

1735-ல் புருஷன் மரித்தார். வீடும் போயிற்று, பிள்ளைகள் வீடுகளில் மாறிமாறித் தங்கினார். கடைசி வருஷங்களில் லண்டனில் ஜான் ஆராதனை நடத்தின பழைய பீரங்கி வார்ப்படசாலைக் கட்டடத்தில் மகனோடு இருந்தார். தாமஸ் மாக்ஸ்பீல்ட் என்கிற சாதாரண விசுவாசி பிரசங்கிக்கத் தொடங்கினபோது ஜான் அதைத் தடுக்கப் பார்த்தார். அவனும் உன்னைப்போலவே தேவனால் அழைக்கப்பட்டவன், முதலில் போய்க் கேட்டுப் பார் என்று நிதானப்படுத்தினவர் இந்த அம்மாதான். பட்டம் இல்லாமல் ஊழியம் செய்கிற என்னைப் போன்றவர்கள் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வெஸ்லியின் எழுப்புதலிலிருந்து பரிசுத்த இயக்கம், அதிலிருந்து பெந்தெகொஸ்தே எழுப்புதல் என்று நம் வேரும் ஒருபக்கம் அந்த வீட்டில்தான் போய் நிற்கிறது.

1742 ஜூலையில், 73-வது வயதில், அம்மையார் படுக்கையில் கிடந்தார். ஜானும் மகள்மாரும் சுற்றி நின்றார்கள். பேச்சு நிற்பதற்குச் சற்று முன்னே பிள்ளைகளைப் பார்த்து ஒரு காரியம் கேட்டுக்கொண்டார். தான் விடுதலையானவுடனே தேவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாடவேண்டும் என்பதே அது. மூச்சு அடங்கினது. எப்வொர்த் வீட்டில் பள்ளி முடிகிற நேரத்தில் பாடினது போலவே, பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள்.