முகமது சலீம் (காற்பந்தாட்ட வீரர்)

முகமது சலீம் (1904 – 1980) இந்தியக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் வலப்புற முன்னணி வீரராக விளையாடிப் புகழ்பெற்றவர். 1936 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலுடன் களமிறங்கினார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக விளையாடிய முதல் இந்தியத் துணைக்கண்ட வீரர் என இவர் பரவலாகக் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

சலீம் 1904 ஆம் ஆண்டில் கல்கத்தாவின் (இன்றைய கொல்கத்தா) மேட்டியாபுரூசு பகுதியில் பிறந்தார். ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்துள்ள இப்பகுதி, ஆங்கிலேயரால் ஆட்சி பறிக்கப்பட்ட அவத் நவாபு வாஜித் அலி ஷா குடியேறி வாழ்ந்த இடமாகும்.

அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் தலைநகராகக் கல்கத்தா விளங்கியது. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் அணிகளும் ஐரோப்பியர் நடத்திய கழகங்களுமே போட்டிகளில் மேலோங்கி இருந்தன. 1911 ஆம் ஆண்டில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை 2–1 என்ற கணக்கில் வென்று இந்தியக் காற்பந்துச் சங்கக் கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த அணியின் பதினொருவரில் பத்துப் பேர் காலணி இன்றி விளையாடியவர்கள். ஆட்சியாளரை அவர்களுடைய விளையாட்டிலேயே வெல்ல முடியும் என்பதை இவ்வெற்றி நாட்டுக்கு உணர்த்தியது. அப்போது சலீமுக்கு வயது ஏழு.

கல்கத்தாக் கழகங்களில்

1920களின் நடுப்பகுதியில் பவ்பஜாரில் இருந்த சித்தரஞ்சன் கழகத்தில் சலீம் தம் ஆட்ட வாழ்வைத் தொடங்கினார். பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் எனப் பல கழகங்களுக்கு விளையாடினார். சற்றேறக்குறைய எட்டு ஆண்டுகள் கழகம் விட்டுக் கழகம் மாறிய பின்னர், 1934 ஆம் ஆண்டில் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முதன்மை அணிக்குத் திரும்பினார்.

1891 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கழகம் 1934 இல் முதற்பிரிவில் விளையாடத் தகுதி பெற்றது. அவ்வாண்டிலேயே கல்கத்தாக் காற்பந்துக் கூட்டிணைவுப் போட்டியில் முதலிடம் பெற்றது. இப்போட்டியை வென்ற முதல் இந்தியக் கழகம் இதுவே. தொடர்ந்து 1938 வரை ஐந்து ஆண்டுகள் பட்டத்தை வேறு எந்த அணிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936 இல் இந்தியக் காற்பந்துச் சங்கக் கேடயத்தையும் வென்றது. இவ்வெற்றிகளில் சலீமுக்குப் பெரும் பங்கு உண்டு. பந்தைக் காலோடு ஒட்டியவாறு கொண்டுசெல்வதிலும், எல்லைக்கோட்டருகே இருந்து நடுவிலுள்ள முன்னணி வீரருக்குத் துல்லியமாக அனுப்புவதிலும் அவர் வல்லவர்.

வெறுங்கால் ஆட்டம்

அக்கால இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் கணுக்காலைத் துணியால் கட்டிக்கொண்டு வெறுங்காலுடனேயே விளையாடினர். காலணியின் விலை மட்டும் இதற்குக் காரணமன்று. சிறுவயது முதல் வெறுங்காலால் பழகியவர்களுக்குப் பந்தின் அசைவைக் கால்விரல்களால் உணர முடிந்தது. உலர்ந்த திடலில் விரைவாகத் திரும்பவும் பந்தை நுட்பமாகத் தட்டிச் செல்லவும் இம்முறை உதவியது. ஆனால் மழைக்காலச் சேற்றில் கால் வழுக்கும். தடித்த தோல் காலணி அணிந்த எதிரணியினருடன் மோதும்போது காயம்படும் வாய்ப்பும் மிகுதி.

பிரித்தானியப் பயணம்

1936 ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்கில் பங்கேற்கச் சென்றுகொண்டிருந்த சீன அணி, வழியில் இந்தியாவில் சில காட்சி ஆட்டங்களில் விளையாடியது. கல்கத்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் சலீம் பங்கேற்றார். அடுத்த ஆட்டத்திற்கு முன் அவரைக் காணவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த அவருடைய உறவினர் ஆசிம் அப்போது கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைக் கண்ட அவர், ஐரோப்பாவில் திறமையைச் சோதித்துப் பார்க்குமாறு வற்புறுத்திக் கப்பலில் அழைத்துச் சென்றுவிட்டார்.

கிளாஸ்கோவை அடைந்ததும் ஆசிம் செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியை அணுகினார். 1897 முதல் அப்பொறுப்பில் இருந்த மேலியின் தலைமையில், செல்டிக் 1935–36 பருவத்தின் ஸ்காட்லாந்துக் கூட்டிணைவுப் பட்டத்தை வென்றிருந்தது. வெறுங்காலுடன் விளையாடும் ஒருவர், காலணி அணிந்த தொழில்முறை வீரர்களுக்கு ஈடுகொடுக்க முடியும் என்பதை முதலில் மேலியால் நம்ப இயலவில்லை. எனினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். சோதனை ஆட்டத்தில் சலீமின் பந்துக் கட்டுப்பாட்டைக் கண்டு வியந்த பயிற்சியாளர்கள், வெறுங்காலுடனேயே களமிறங்க இடமளித்தனர்.

செல்டிக் அணியில்

சலீம் செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டங்களில் விளையாடினார். 1936 ஆகத்து 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7–1 என்ற கணக்கில் வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சலீம் அமைத்துக் கொடுத்த பந்துகளால் விளைந்தவை. மறுநாள் செய்தித்தாள்கள், இந்திய வித்தைக்காரராக அவரை உருவகித்து, கால்விரல்களின் திறனைப் பாராட்டி எழுதின. ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5–1 என்ற கணக்கில் வென்றது. அதில் சலீம் தண்ட உதை மூலம் ஒரு கோல் அடித்தார்.

செல்டிக்கின் பயிற்சியாளரும் முன்னாள் வீரருமான ஜிம்மி மெக்மெனமி, குனிந்து சலீமின் கால்களில் துணிக்கட்டுப் போடும் ஒளிப்படம் அக்காலத்தில் எடுக்கப்பட்டது. ஆளும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் நாட்டு வீரரின் காலடியில் அமர்ந்திருக்கும் அப்படம், பின்னாளில் விளையாட்டு வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்பட்டது.

தாயகம் திரும்புதல்

சில மாதங்களிலேயே சலீமுக்கு ஊர் நினைவு மிகுந்தது. அப்பருவம் முடியும் வரையேனும் தங்குமாறு கழகத்தினர் கேட்டுக்கொண்டனர். அவர் பெயரில் ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி, நுழைவுக் கட்டண வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவருக்கு அளிக்கவும் முன்வந்தனர். அத்தொகையை ஆட்டத்தைக் காண வரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வழங்கிவிடுமாறு சலீம் கூறினார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். தொழில்முறை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாமல் சலீம் கல்கத்தா திரும்பி, மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் இணைந்தார்.

அவர் தங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு விடை இல்லை. ஆயினும் அக்காலப் பிரித்தானியத் தொழில்முறை ஆட்ட வாழ்வு எளிதானதன்று என்பதற்கு ஆர்தர் வார்ட்டன் சான்றாவார். ஆப்பிரிக்காவின் அக்ராவில் 1865 இல் பிறந்த இவர், உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரராகக் கருதப்படுபவர். பிரஸ்டன், ராதரம், ஷெபீல்டு, ஸ்டாக்போர்ட் எனப் பல ஊர்க் கழகங்களுக்கு மாறி மாறி விளையாடிய அவர், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1930 இல் வறுமையில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு 1997 ஆம் ஆண்டில்தான் பெயர்க்கல் நாட்டப்பட்டது.

பிற்கால வாழ்வும் மறைவும்

முதுமையில் சலீம் நோயுற்றபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவருடைய நோக்கமன்று. கழகம் தம் தந்தையை இன்னும் நினைவில் வைத்துள்ளதா என அறிய விரும்பினார். செல்டிக் நூறு பவுண்டுக்கான வங்கி வரைவோலையை அனுப்பியது. குடும்பத்தினர் அதைப் பணமாக மாற்றாமல் நினைவுப் பொருளாகப் பாதுகாத்தனர். சலீம் 1980 ஆம் ஆண்டில் காலமானார்.

வரலாற்றில் இடம்

சலீம் திரும்பிய பின்னரும் இந்திய அணியின் வெறுங்கால் ஆட்டம் தொடர்ந்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் காலணியற்ற இந்திய அணி, பிரான்சிடம் 1–2 என்ற கணக்கில் மட்டுமே தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் 1–10 என்ற கணக்கில் அடைந்த தோல்விக்குப் பின்னரே இந்திய வீரர்களுக்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

இந்திய அணியின் வீரர் ஒருவர் இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகத்தில் ஒப்பந்தம் பெறுவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா பரி கழகத்தில் சேர்ந்தார். சலீம் கிளாஸ்கோவில் களமிறங்கி அப்போது அறுபத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.