கிண்டியில் தெரிந்த எலும்பின் பின்னல்

தாம்பரத்தில் ஏறி பீச் வரை போகும் மின்சார ரயிலில் தினமும் கிண்டியைக் கடக்கிறோம். அங்குள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில்தான், நம் எலும்புக்குள் இருக்கும் பின்னலைக் கண்டறிந்தார் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன்.

தாயின் வயிற்றில் குழந்தையின் கை, கால் எலும்புகள் முதலில் மென்மையான குருத்தெலும்பாகவே உருவாகின்றன. ஏறக்குறைய எட்டாவது வாரத்தில் அவை எலும்பாக மாறத் தொடங்குகின்றன. எலும்பு செல்கள் முதலில் கொலாஜன் என்ற புரத இழைகளை விரிக்கும். பிறகு அவற்றின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படியும். கம்பி கட்டி கான்கிரீட் போடுவதுபோலத்தான்! எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை நாம் உயரமாகிறோம். இருபது வயதையொட்டி அந்த வேலை முடிந்துவிடும்.

அந்தக் 'கம்பி' எப்படி அமைந்திருக்கிறது என்பது 1950களின் தொடக்கத்தில் யாருக்கும் பிடிபடவில்லை.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை சர் சி.வி.ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பியவர், 1952இல், 30 வயதில், துணைவேந்தர் ஏ.எல்.முதலியார் அழைப்பில் சென்னையில் இயற்பியல் துறைத் தலைவரானார்.

தோலிலும் தசைநாரிலும்கூட இருப்பது கொலாஜன்தான். அதனால் அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவி கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ்-ரே படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

உடனே எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும், அவர் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குவதாகக் குறை கூறி, திருத்திய வடிவத்தை வெளியிட்டனர். மூன்று இழை என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. ராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும் என்பதையே ஆராய்ந்தார். அதில் பிறந்தது 1963இல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரத அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் காலமானார்.

பிள்ளைகளுக்குப் பாலும் கேழ்வரகும் கொடுத்து, கொஞ்சம் வெயிலில் விளையாடவும் விடுகிறோம். அது கான்கிரீட்டுக்கு. கம்பி உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயையும் கொய்யாவையும் மறந்துவிடாதீர்கள். அடுத்த முறை கிண்டியைக் கடக்கும்போது அவரைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.