வேலை செய்த மருந்து ஒரு நாள் ஏன் தோற்கிறது? கொல்கத்தா மருத்துவர் பிரம்மச்சாரியின் வாழ்க்கை சொல்லும் பதில்

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ யாராவது புரோஸ்டேட் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்திருக்கிறார்களா? அப்படியென்றால் இதைக் கேட்டிருப்பீர்கள்: முதலில் மருந்துக்கு நல்லா கேட்டுச்சு, அப்புறம் கேட்கலை. ஏன் அப்படி ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள, புற்றுநோய்க்கே மருந்து கண்டுபிடிக்காத ஒருவரின் வாழ்க்கை உதவும். கொல்கத்தாவில் பலரும் இன்னும் லவுடன் ஸ்ட்ரீட் என்றே சொல்லும் தெருவுக்கு இப்போது அவர் பெயர்தான்: டாக்டர் யு.என். பிரம்மச்சாரி.

யார் இவர்?

உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் அப்பா பீகாரின் ஜமால்பூரில் ரயில்வே டாக்டர். மகன் ஹூக்ளி கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் வேதியியலில் எம்.ஏ. முடித்தார். அதற்குப் பிறகுதான் மருத்துவம். 1902-ல் எம்.டி., 1904-ல் பிஎச்.டி. 1905-ல் சியால்டா பகுதியில் இருந்த கேம்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி அதுதான்.

அப்போது வங்காளத்தையும் அசாமையும் உலுக்கிய நோய் காலா அசார். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணியால் வருவது. விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், கறுத்துப்போகும் தோல். சிகிச்சை இல்லாவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். 1915 வாக்கில் ஆன்டிமனி உப்பு ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதை மாதக்கணக்கில் ஊசியாகப் போட வேண்டும், பக்கவிளைவுகளும் கடுமை. பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

பிரம்மச்சாரிக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் ஒரு சின்ன அறை. கேஸ் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. ராத்திரி வேலைக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். அங்கேதான் 1920-ல் யூரியாவையும் ஆன்டிமனி சேர்மம் ஒன்றையும் சேர்த்து யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தை உருவாக்கினார். மாதக்கணக்கில் இழுத்த சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது. அசாமில் மட்டும் சுமார் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக 1930-களில் கணக்கிடப்பட்டது. 1929-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1934-ல் சர் பட்டம் வந்தது. 1946 பிப்ரவரி 6-ல் காலமானார்.

வெற்றிக்கு நடுவில் அவர் கவனித்த ஒன்று

1922-ல், மருந்து பேர் வாங்கத் தொடங்கிய அதே காலத்தில், அவர் இன்னொன்றையும் பதிவு செய்தார். குணமானதாகக் கருதப்பட்ட சிலரின் தோலில் தடிப்புகள் வந்தன. சோதித்தால், உள்ளே அதே ஒட்டுண்ணி! காய்ச்சல் இல்லை, மண்ணீரல் வீக்கம் இல்லை, ஆளும் நடமாடுகிறார். ஆனாலும் கிருமி போகவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கடிக்கும் மணல் ஈ நோயை மற்றவர்களுக்குக் கொண்டுபோக முடியும் என்பது பின்னால் உறுதியானது.

அதாவது, நோய் அடங்குவது வேறு, நோய்க் காரணி அழிவது வேறு.

மருந்து தோற்ற கதை

1950-களில் மலேரியாவுக்காக அடித்த டிடிடி மணல் ஈக்களையும் கொன்றது. காலா அசார் ஏறக்குறைய மறைந்தது. மருந்தடிப்பு நின்ற பிறகு, 1977 வாக்கில் பீகாரில் பெரிய அளவில் திரும்பி வந்தது. அப்போதும் கையில் இருந்தது பிரம்மச்சாரியின் மருந்துக்கு உறவான இன்னொரு ஆன்டிமனி மருந்துதான். ஆனால் 1990-களின் நடுவில் நடந்த ஓர் ஆய்வில், பீகாரில் அந்த மருந்தால் குணமானவர்கள் வெறும் 35%. பக்கத்து உத்தரப் பிரதேசத்தில் 86%.

ஏன் இந்த வித்தியாசம்? குறைந்த டோஸ், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போட்ட ஊசி ஆகியவை முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அரைகுறை மருந்தில் பலவீனமான ஒட்டுண்ணிகள் சாகும். தாக்குப்பிடித்தவை பெருகும். பிறகு ஊரில் மிஞ்சுவது அவற்றின் வாரிசுகள்தான். கடைசியில் வேறு வகை மருந்துகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

சரி, புற்றுநோய்க்கு வருவோம்

புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது. அந்த ஹார்மோனைத் தடுத்தால் கட்டி சுருங்கும். முற்றிய நிலையில் உள்ள பலருக்குச் சில காலம் கழித்து அந்த சிகிச்சை பலன் தருவது குறைகிறது. இங்கேயும் தாக்குப்பிடித்த செல்கள் பெருகுவது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தையும் விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். சிகிச்சை தாக்கிய சில செல்கள் சாவதில்லை, முதுமை அடைந்துவிடுகின்றன. பிரிவதை நிறுத்திவிட்டு, உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஸ்கேனில் கட்டி வளராததுபோல் தெரியும். ஆனால் அவை சுரக்கும் வேதிப்பொருட்கள் பக்கத்துச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டலாம் என்று ஆய்வக முடிவுகள் காட்டுகின்றன. இந்த முதிய செல்களைத் தேடி அழிக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன.

ஒட்டுண்ணியும் புற்றுநோய் செல்லும் ஒன்றல்ல. ஒரு முக்கிய வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோயில் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டவருக்கும் எதிர்ப்பு வரலாம். அது நோயாளியின் தப்பு இல்லை. உங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அப்படி ஆனால், அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல்லா இருக்கார் என்பதற்காக பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையையும் டாக்டர் சொன்ன தேதிகளையும் தள்ளிப்போட வேண்டாம், மருந்தைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். குணமானவரையும் கவனித்துப் பார்த்ததால்தான், 100 வருஷத்துக்கு முன் கொல்கத்தாவில் அந்த மனிதரின் கண்ணில் ஒளிந்திருந்த நோய் பட்டது.