தஸ்தயேவ்ஸ்கியின் கடனும் அன்னாவின் கணக்கும்

ருஷ்ய நாவலாசிரியர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கியின் பெயரைக் கேள்விப்படாத இலக்கிய வாசகர் எம்மிடையே குறைவு. மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த ‘வெண்ணிற இரவுகள்’ ஊரில் பலருடைய புத்தக அலுமாரிகளில் இருந்தது. நாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் பற்றி மாணவர்களிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அந்நாவல் எழுதப்பட்ட நாட்களில் அதன் ஆசிரியர் எத்தனை கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லியதில்லை. மாதம் முடிந்தால் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்த காலம் அது. எமது கண் அந்தப் பக்கம் செல்லவில்லை. வட்டிக்கு வாங்கிய காசில் விமானம் ஏறி, அந்நிய தேசத்தில் அக்கடனை மாதாமாதம் கட்டத் தொடங்கிய பின்னரே அவருடைய வாழ்க்கையின் இப்பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

தஸ்தயேவ்ஸ்கி 1821 ஆம் ஆண்டு மாஸ்கோவில், ஏழைகளுக்கான மருத்துவமனையொன்றின் வைத்தியருக்கு மகனாகப் பிறந்தார். இராணுவப் பொறியியல் கற்று, கிடைத்த உத்தியோகத்தை உதறிவிட்டு எழுத வந்தார். 1849 இல் அரசுக்கு எதிரான குழுவில் இருந்தாரென்று கைதாகி, மரணதண்டனைத் திடலில் நிறுத்தப்பட்டு, கடைசிக் கணத்தில் உயிர்தப்பி, சைபீரியாவில் 4 ஆண்டுகள் கடூழியச் சிறையில் கழித்தார். அதன்பின் சிப்பாயாக இருந்து, 1859 முடிவில் தலைநகர் பீட்டர்ஸ்பேர்க்குக்குத் திரும்பினார். இவை பலரும் எழுதியவை. எமது கதை 1864 இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் அவருடைய முதல் மனைவி மரியா காசநோயால் இறந்தார். ஜூலையில் தமையன் மிகயீல் இறந்தார். சகோதரர் இருவரும் சேர்ந்து நடத்திய ஒரு சஞ்சிகையை அரசு 1863 இல் தடைசெய்திருந்தது. அடுத்து ‘எப்போகா’ என்ற சஞ்சிகையைத் தொடங்கியிருந்தனர். சிகரெட் தொழிற்சாலையும் நடத்திய மிகயீல் விட்டுச்சென்ற ரொக்கம் 300 ரூபிள். அது அடக்கச் செலவோடு தீர்ந்தது. விட்டுச்சென்ற கடனோ ஏறத்தாழ 25,000 ரூபிள். இதற்கு மேல் விதவையும் பிள்ளைகளும்.

தஸ்தயேவ்ஸ்கிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சஞ்சிகையைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டு, அண்ணன் குடும்பத்தைத் தம்முடன் அழைத்துக்கொண்டு எழுதிப் பிழைத்திருக்கலாம். அல்லது தொடர்ந்து நடத்தலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மாஸ்கோவிலிருந்த பெரியம்மாவிடம் போய்த் தமக்குப் பின்னாளில் வரவிருந்த 10,000 ரூபிளை முன்கூட்டியே வாங்கிச் சஞ்சிகையிற் கொட்டினார். 1865 இன் நடுப்பகுதியில் ‘எப்போகா’ நின்றுபோனது. அண்ணனின் கடன் பத்திரங்கள் தம்பியின் பெயருக்கு மாறின. எழுத்தில் ஆதாரமின்றி, மிகயீல் தரவேண்டியிருந்தது என்று வாயால் சொல்லி வந்தவர்களையும் அவர் நம்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இதனை நற்குணம் என்பதா, ஏமாளித்தனம் என்பதா? நாம் இரண்டும் என்போம். பின்னாளில் அவருடைய இரண்டாவது மனைவி கணக்குப் பார்த்தபோது, மொத்தக் கடனில் மிகச் சிறிய பகுதியே அவர் தமக்காக வாங்கியதென்று கண்டார்.

கடன்பட்டவனின் அவசரத்தை முகர்ந்து வருபவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 3,000 ரூபிள் தர முன்வந்தார். அதற்கு ஈடாக அதுவரை எழுதியவற்றைத் தொகுத்து வெளியிடும் உரிமையும், 1866 நவம்பர் முதலாந் திகதிக்குள் புதிய நாவலொன்றும் தரவேண்டும். தவறினால் அடுத்த 9 ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசு தராமலே பதிப்பாளர் வெளியிடுவார். தஸ்தயேவ்ஸ்கி ஒப்பமிட்டார். அவருடைய பழைய கடன் பத்திரங்களை அதே ஸ்தெல்லோவ்ஸ்கி ஏற்கெனவே ஆட்களைக் கொண்டு மலிவாக வாங்கி வைத்திருந்தபடியால், கொடுத்த பணத்தின் பெரும்பகுதி சுற்றிக்கொண்டு கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தது.

1866 ஒக்டோபரில், கெடுவுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், சுருக்கெழுத்துக் கற்ற 20 வயதுப் பெண்ணான அன்னா ஸ்னித்கினா அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். 26 நாட்களில் ‘சூதாடி’ நாவல் சொல்லி எழுதப்பட்டது. அந்நாட்களில் ஒருமுறை நாவலாசிரியரின் சாப்பாட்டு மேசையில் மரக்கரண்டி இருப்பதை அன்னா கண்டார். வெள்ளிக் கரண்டிகள் அடைவுகடைக்குப் போயிருந்தன. எழுத்துப்பிரதியைக் கொடுக்கச் சென்றபோது பதிப்பாளர் ஊரில் இல்லை. எனவே அதனைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டனர். கெடு காப்பாற்றப்பட்டது. மறுவருடம் பெப்ரவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அன்னா புகுந்த வீட்டில் காசு வந்த வேகத்திலேயே வெளியேறியது. முதல் மனைவியின் மகன் பாஷா, அண்ணனின் விதவை எமிலியாவும் பிள்ளைகளும், தம்பி நிக்கொலாய் ஆகிய எல்லாரும் அவர் ஒருவரின் பேனாவை நம்பியிருந்தார்கள். சஞ்சிகையிலிருந்து முற்பணம் வந்ததென்றால் அவர்களுடைய தேவைகளே முதலில் வரிசையில் நிற்கும். கடன்காரர்கள் கடனாளிச் சிறையைக் காட்டி மிரட்டினர். வெளிநாடு போனாலன்றி இந்த மணவாழ்வும் நிலைக்காது, எழுத்தும் நடக்காது என்று கண்ட அன்னா, தமது சீதனமாக வந்த தளபாடங்கள், பியானோ, நகைகள் ஆகியவற்றை ஈடுவைத்துப் பயணச் செலவைத் திரட்டினார். மூன்று மாதத்தில் திரும்புவதாக 1867 ஏப்ரலில் புறப்பட்டவர்கள் திரும்பி வர 4 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மூன்று மாதமென்று சொல்லிப் புறப்படுவதன் பொருள் எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இங்கே அவருடைய குற்றத்தையும் மறைக்காது சொல்லவேண்டும். கடனை ஒரேயடியில் தீர்த்துவிடலாம் என்ற மயக்கத்தில் தஸ்தயேவ்ஸ்கி ரூலெட் சூதாட்டத்தில் விழுந்தார். யேர்மனியின் பாடன்-பாடன் நகரில், தாம் அன்னாவுக்கு மணப்பரிசாகக் கொடுத்த தோடும் பதக்கமும், திருமண மோதிரங்களும், அன்னாவின் உடுப்புகளும் ஒவ்வொன்றாக அடைவுக்குப் போயின. முதற் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த அன்னா, வாடகை கேட்கும் வீட்டுக்காரிக்குப் பதில் சொல்லிக்கொண்டு அறையில் காத்திருந்தார். கணவரால் வாசிக்க இயலாத தமது சுருக்கெழுத்தில் அவர் அன்றாடம் நாட்குறிப்பு எழுதினார். தோற்ற தொகையும், சாப்பாட்டுக்குக் கொடுத்த காசும் அதில் உண்டு. மகள் சோனியா 1868 இல் ஜெனீவாவில் பிறந்து மூன்று மாதத்தில் இறந்தாள். அந்தத் துயரத்தோடுதான் ‘அசடன்’ நாவலின் அத்தியாயங்கள் மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டன. 1869 இல் டிரெஸ்டெனில், பணம் கேட்டுத் தந்தி அடிப்பதற்கு இரண்டு தாலர் தேடி, காற்சட்டையை ஈடுவைக்கவேண்டிய நிலை வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் பீட்டர்ஸ்பேர்க்குக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். சஞ்சிகை தரும் முற்பணத்தில் இவ்வளவை எமிலியாவுக்குக் கொடுங்கள், இவ்வளவைப் பாஷாவுக்குக் கொடுங்கள் என்று நண்பர் மாய்க்கொவுக்கு எழுதுவார். அங்கிருந்தவர்களோ, ஐரோப்பாவில் இருப்பவருக்குப் பணத்துக்கு என்ன குறை என்று மனம் நொந்துகொண்டார்கள். இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

1871 ஏப்ரலில், மனம் சோர்ந்திருந்த கணவரிடம் அன்னா தாமாகவே 100 தாலரைக் கொடுத்து வீஸ்பாடனுக்கு அனுப்பினார். அவர் தோற்றார். இனி ஆடுவதில்லை என்று எழுதினார். அத்தகைய வாக்குறுதிகள் முன்பும் பல வந்ததுண்டு. இம்முறை அவர் அதைக் காப்பாற்றினார், சாகும்வரை ஆடவில்லை.

ஜூலையில் நாடு திரும்பினர். ஒரு வாரத்தில் மகன் பிறந்தான். விட்டுச்சென்ற நூல்களைப் பாஷா விற்றுத் தீர்த்திருந்தான். வட்டி ஏறிய கடன் 25,000 ரூபிளில் நின்றது. எழுத்தாளர் வந்துவிட்டார் என்ற செய்தி பரவியதும் கடன்காரர்கள் வரத் தொடங்கினர்.

கடன்காரர்களைச் சந்திக்கும் வேலையை அன்னா தம் கையில் எடுத்துக்கொண்டது இப்போதுதான். தஸ்தயேவ்ஸ்கி இரவில் எழுதுபவர். காலையில் நேரஞ்சென்றே எழுவார். வலிப்பு நோயாளியான அவரை ஒரு மிரட்டல் பல நாட்களுக்குப் படுக்கையில் வீழ்த்திவிடும். ஆகவே அவர் எழுமுன்னரே வந்தவர்களை அன்னா பேசி அனுப்பினார். யேர்மன் வணிகர் ஒருவர், சொத்தை எழுதி எடுப்பேன், அது போதாவிட்டால் சிறையில் அடைப்பேன் என்று நின்றார். அன்னா அவரிடமே சென்று அமைதியாகக் கணக்கைச் சொன்னார். வீடு தம் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. தளபாடங்கள் தவணைமுறையில் வாங்கியவை. காசு முழுவதும் கட்டும்வரை அவை கடைக்காரருடையவை. கணவர் சிறைக்குப் போனால், அங்கிருக்கும் காலத்தோடு கடனும் கழிந்துவிடும். அதுவரை அவருடைய சாப்பாட்டுச் செலவைச் சட்டப்படி கட்டவேண்டியவர் அடைத்தவரே. தாம் சிறைக்கு அருகில் குடியேறிப் பிள்ளைகளோடு போய்ப் பார்ப்பார். கணவர் உள்ளிருந்தே எழுதுவார். வணிகர் யோசித்தார். தவணைக்குச் சம்மதித்தார். ஏனைய கடன்காரர்களையும் அன்னா இவ்வாறே ஒவ்வொருவராக மாதத் தவணைக்குக் கொண்டுவந்தார். கட்ட முடியாத தொகையை ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொண்டதைத் தவறுவதில்லை என்பது அவருடைய முறையாக இருந்தது.

வரவைப் பெருக்கவும் வழி வேண்டும். 1873 இல் தஸ்தயேவ்ஸ்கி ஆண்டுக்கு 3,000 ரூபிள் சம்பளத்தில் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியரானார். அவ்வாண்டு ஜனவரியில் அன்னா அதைவிடத் துணிவான காரியமொன்றைச் செய்தார். பதிப்பாளர்கள் நாவலின் முழு உரிமைக்குச் சொற்பத் தொகையைத் தவணையில் தருவோம் என்றபோது, தாமே வெளியிட முடிவுசெய்தார். பெயரட்டை அச்சடிக்கப் போவதுபோல் அச்சகத்துக்குச் சென்று, கடதாசி என்ன விலை, அச்சுக்கூலி என்ன, கடனுக்கு அச்சிடுவார்களா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தார். புத்தகக் கடைகளுக்கு எவ்வளவு கழிவு கொடுப்பது வழக்கம் என்பதையும் அறிந்துகொண்டார். நாவல் 3,500 பிரதிகள் அச்சாயிற்று. விலை 3 ரூபிள் 50 கொபெக். பத்திரிகையில் விளம்பரம் வந்த காலையே கடை ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்தனர். அதிக கழிவு கேட்டவர்களுக்கு அன்னா அசையவில்லை. கணவர் எழுந்து வந்தபோது, காசை எடுத்துக் காட்டினார். முதல் நாளில் மட்டும் 115 பிரதிகள் விற்றன. ஆண்டு முடிவதற்குள் 3,000. அடுத்தடுத்து ‘அசடன்’ முதலிய பழைய நூல்களும் அவ்வீட்டிலிருந்தே வெளிவந்தன. 1876 இலும் 1877 இலும் தஸ்தயேவ்ஸ்கி தனியொருவராக எழுதிய மாத இதழுக்குச் சந்தா சேர்ப்பதும், பொதி கட்டுவதும், கணக்கெழுதுவதும் அன்னாவின் பணியாயின.

செலவை ஒடுக்கிய விதமும் கவனிக்கத்தக்கது. கோடையில் ஸ்தாராயா ரூசா என்ற சிறிய ஊருக்குப் போய்த் தங்குவது அவர்களது வழக்கம். அங்கே சீவியம் மலிவாக இருந்ததால் 1874 இல் மாரிகாலத்தையும் அங்கேயே கழித்தார்கள். இரண்டாண்டுகளின் பின் அவ்வூரில் ஒரு வீடு வாங்கினர். அதுவும் அன்னாவின் சகோதரர் பெயரில். கடன்காரர் கைபடாத பெயர் அது.

ஆயினும் கடன் அவருடைய எழுத்திலிருந்து பிடுங்கியதைக் கணக்கிற் சேர்க்காமல் விடக்கூடாது. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலுக்கு அச்சுத்தாள் ஒன்றுக்கு 150 ரூபிள் பெற்றார். 1870களின் நடுவில் அவருக்கு 250 ரூபிள் கிடைத்தபோது, ‘அன்னா கரேனினா’வுக்குத் தோல்ஸ்தோய் 500 பெற்றார். பிரபுவான தோல்ஸ்தோயால் பொறுத்திருந்து பேரம்பேச முடிந்தது. முற்பணத்தைச் சாப்பிட்டுவிட்டவனால் பொறுத்திருக்க முடியாது. முடிவு என்னவென்று தமக்கே தெளிவாகாத நாவலின் முதற் பகுதிகள் அச்சேறிய பின்னர், அவற்றைத் திருத்த வழியின்றி அவர் மேலே எழுதவேண்டியிருந்தது. நிதானமாக எழுத இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைத்தால் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று நண்பர்களுக்கு எழுதியவண்ணம் இருந்தார். வறுமைதான் அவரைப் பெரிய எழுத்தாளராக்கியது என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கமாட்டோம். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடன்படாதவர்கள்.

‘கரமாசவ் சகோதரர்கள்’ 1879 இலும் 1880 இலும் வெளிவந்தது. அதற்கு அச்சுத்தாளுக்கு 300 ரூபிள் கிடைத்தது. 1880 இல் வெளியூர் வாசகர்களுக்கென அன்னா வீட்டிலேயே தபால்மூலப் புத்தக விற்பனையைத் தொடங்கினார். தஸ்தயேவ்ஸ்கி இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே கடன் முற்றாகத் தீர்ந்தது. திருமண நாளிலிருந்து எண்ணினால் 13 ஆண்டுகள்.

அவர் எழுதிய இறுதிக் கடிதங்களுள் ஒன்று, பழைய ருஷ்ய நாட்காட்டியின்படி 1881 ஜனவரி 26 ஆந் திகதியிட்டது. ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலுக்காகத் தமக்கு வரவேண்டிய 4,000 ரூபிளுக்கு மேற்பட்ட மீதியை அனுப்பிவைக்கும்படி சஞ்சிகைக்காரருக்கு எழுதியிருந்தார். இம்முறை கொடுக்கவேண்டியவர்கள் அவர்கள். இரண்டு நாட்களின் பின் அவர் இறந்தார்.