ஸர் ஜான் லாஸ்: எருவுக்கும் ரசாயன உரத்திற்கும் பரீட்சை வைத்தவர்

நிலத்திற்கு ஏற்றது எருவா, ரசாயன உரமா என்னும் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரசாயன உரம் பூமியைக் கெடுக்கும் விஷம் என்கின்றனர் ஒரு கட்சியார். எருவை மட்டும் நம்பினால் ஜனங்கள் பட்டினி கிடக்க நேரிடும் என்கின்றனர் மறு கட்சியார். இவ்விரு சாராரும் அறிய வேண்டிய சரித்திரம் ஒன்றுண்டு. ரசாயன உரத்தை விற்றுப் பெரும் பொருள் ஈட்டிய ஒருவரே, அதையும் எருவையும் ஒரே வயலில் இட்டு நேர்மையாகப் பரீட்சித்தார். அவர்தாம் இங்கிலாந்து தேசத்து ஸர் ஜான் பென்னட் லாஸ்.

1814ஆம் வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி பிறந்த லாஸ், ஹெர்ட்போர்ட்ஷயரிலுள்ள ராதாம்ஸ்டெட் பண்ணைக்கு உரியவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பயின்றும் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார். எலும்புத்தூள் சில நிலங்களில் நற்பயன் தருவதும், வேறு சில நிலங்களில் சிறிதும் பயன்படாமற் போவதும் அவர் சிந்தனையைத் தூண்டின. எலும்பையும் பாஸ்பேட் தாதுவையும் கந்தகத் திராவகத்தோடு கலந்தால், அவற்றிலுள்ள சத்து நீரிற் கரைந்து பயிருக்கு எட்டுவதாகிறது என்று கண்டார். சூப்பர் பாஸ்பேட் என்னும் அவ்வுரத்திற்கு 1842இல் காப்புரிமை பெற்றார். மறு வருஷமே லண்டனையடுத்த டெப்ட்போர்டில் தொழிற்சாலை நிறுவினார்.

அதே 1843ஆம் வருஷத்தில் ஹென்றி கில்பர்ட் என்னும் ரசாயன சாஸ்திரியைத் துணைக்கொண்டு பிராட்பாக் என்ற வயலில் கோதுமைப் பரீட்சையைத் துவக்கினார். வயல் பல பட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பட்டைக்கு எவ்வுரமும் இல்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழு உரம். ஏனையவற்றிற்கு ரசாயன உரங்கள் வெவ்வேறு விதமாய் இடப்பட்டன.

கில்பர்ட்டின் ஆசிரியராயிருந்த ஜெர்மானிய அறிஞர் லீபிக், மண்ணிலுள்ள தாது உப்புக்களே போதும், நைட்ரஜனைப் பயிர் ஆகாயத்திலிருந்து பெற்றுக்கொள்ளும் என்று சாதித்தார். வாதம் பல்லாண்டு நீடித்தது. தீர்ப்புச் சொன்னது வயலே. தாது உப்பு மட்டும் இட்ட பட்டைகள் சோர்ந்தன. நைட்ரஜன் உரமும் சேர்த்து இட்டவை செழித்தன.

அவ்வயல் கற்பித்த பாடம் இருபுறமும் வெட்டுவது. தக்க அளவில் இட்ட ரசாயன உரம் நெடுங்காலம் தொழு உரத்திற்கு இணையான மகசூல் தந்தது, நிலம் மலடாகிவிடவில்லை. ஆனால் தொழு உரமிட்ட பட்டையின் மண்ணில் மட்கு இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிற்று. ரசாயனப் பட்டைகளில் அவ்வாறு பெருகவில்லை. ஹூஸ்பீல்டு என்ற பக்கத்து வயலில் 1852 முதல் 1871 வரை இட்ட எருவின் நற்பயன், ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் வாற்கோதுமைப் பயிரில் புலப்பட்டது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? 1968 முதல் பிராட்பாக்கில் தொழு உரப் பட்டையொன்றுக்கு நைட்ரஜன் உரமும் சேர்த்து இடலாயினர். புதிய குட்டை ரகக் கோதுமைகளில் மிகுந்த மகசூல் தந்தவற்றுள் அப்பட்டையே முன்னின்றது. காரணம் எளிது. ரசாயன உரம் பயிர் கேட்கும் வேளையில் சத்தை உடனே அளிக்கிறது. எருவோ மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து, வேர் ஆழச் செல்ல வழிசெய்கிறது. ஒன்று பயிருக்கு உணவு. மற்றொன்று மண்ணுக்கு உயிர்.

லாஸ் 1872இல் தம் உரவியாபாரத்தை விற்றார். ஆராய்ச்சி தமக்குப் பின்னும் நிலைக்கும்படி 1889இல் ஒரு லட்சம் பவுனைத் தர்மமாக ஒதுக்கினார். 1900ஆம் வருஷம் ஆகஸ்டு 31ஆம் தேதி காலமானார். அவர் முறையைத் தழுவியே 1909இல் கோயம்புத்தூரிலும் நிரந்தர உரப் பரீட்சை வயல் அமைந்தது.

தாம் விற்ற சரக்குக்கு எதிராகவே சாட்சி சொல்லக்கூடிய ஒரு பட்டையை அவர் தம் வயலில் ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தார். எருக்குழியைத் தூர்த்துவிட்டு உரமூட்டையை மட்டும் நம்புவோரும், உரமூட்டையைக் கண்டதும் முகஞ்சுளிப்போரும் கற்க வேண்டியது அந்த நேர்மையையே. மேடையில் வெல்லும் கட்சி வயலிலும் வெல்லும் என்பதில்லை. குடியானவனுக்கு வேண்டுவது கட்சியன்று. இவ்வருஷத்து விளைச்சலும், பேரனுக்கு விட்டுச்செல்லத்தக்க மண்ணும்.